கொக்கி அடித்த மாடி

இந்தக் காலத்து மனிதர்களுக்குத் தங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாது. வண்டியைத் தினமும் துடைக்கிறார்கள். செருப்பைக்கூடத் துடைக்கிறார்கள். மொட்டை மாடி என்று ஒன்று இருப்பது, சொட்டு வந்து மூக்கில் விழுந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. உடனே போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். அதை ஒருத்தனுக்கு அனுப்புவார்கள். அவன் இன்னொருத்தனுக்கு அனுப்புவான். ஒருவனாவது படி ஏறிப் பார்ப்பானா என்றால் மாட்டான். எங்கள் தெருவில் பாதி வீட்டு மாடியில் உடைந்த நாற்காலியும் துருப்பிடித்த சைக்கிளும் பஞ்சு பிதுங்கிய மெத்தையும்தான் கிடக்கின்றன. மாடியா, பழைய இரும்புக் கடையா என்று கேட்டால் முறைக்கிறார்கள்.

நான் அப்படி இல்லை. லாரி ஓட்டியவன். சரக்கு நனைந்தால் யார் தலை உருளும் என்று தெரிந்தவன். வண்டியை விட்ட பிறகும் மழைக்காலம் வருவதற்கு முன்னால் மாடிக்கு நானே ஏறுவேன். சரக்கு மேல் போர்த்துகிற மாதிரியே தளத்தின் மேல் தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவேன். கயிறு கட்டக் கொக்கி வேண்டாமா? தளத்திலேயே துளை போட்டு வரிசையாகக் கொக்கி அடித்து வைத்திருந்தேன். எந்தக் காற்றுக்கும் என் பாய் பறந்ததில்லை.

அப்படியும் வீடு ஒழுகியது. அதற்குக் காரணம் மச்சான்தான் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. தம்பியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். பம்பு ஹவுஸில் வேலை பார்த்தவன். காலையில் சுவிட்சைப் போடுவதும் சாயங்காலம் அணைப்பதும்தான் உத்தியோகம். அதற்கே ஏதோ அணை கட்டியவன் மாதிரிப் பேசுவான். அவன் வீடும் என் வீடும் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரே சுவர். முதலில் என் பாதிக்குத் தளம் போட்டோம். பிறகு அவன் வந்து ஒட்டினாற்போல் தன் பாதிக்குப் போட்டான். இரண்டு தளமும் சேருகிற இடத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சிமெண்ட் திட்டு ஓடும். அந்தத் திட்டு யாருடையது என்று இன்றுவரை தீரவில்லை. அவன் வருடா வருடம் தன் மாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடிப்பான். திட்டின் நடுவில் கோடு கிழித்த மாதிரி நிறுத்திவிடுவான். நான் என் பக்கத்துப் பாதிக்குத் தார் பூசுவேன். நானும் கோட்டைத் தாண்டியதில்லை. நடுவில் ஒரு வெடிப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அது அவன் பக்கம் என்று நானும், என் பக்கம் என்று அவனும் விட்டுவிட்டோம்.

வீட்டில் நானும் மகளும்தான். அவள் முன்னறையில் தையல் போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர். இரண்டு மெஷின், வெட்டுவதற்கு நீள மேஜை, சுவர் முழுக்கத் துணிக்கட்டு. காலையில் அந்த மெஷின் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பது. போன மழையில் அந்த மேஜைக்கு நேர் மேலே கூரைக் காரை ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, அவள் உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். உள்ளேயிருந்த கம்பி பல்லைக் காட்டியது. துருத் தண்ணீர் வடிந்து வெள்ளைத் துணி முழுக்க டீ கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. பக்கெட் வைத்தோம். பிறகு மேஜையை நகர்த்தினோம். மேஜை எங்கே போனாலும் சொட்டு பின்னாலேயே வந்தது.

வெயில் காலம் முடிகிற சமயம், ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் சொன்னாள்.

"அப்பா, கடைத்தெருவுல ஒரு ரூம் பாத்துட்டு வந்திருக்கேன். பின்னாடி படுக்கவும் இடம் இருக்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? மழை வரப்போகுது. இன்னொரு தடவ துணி கெட்டுப்போச்சுன்னா ஸ்கூல்காரங்க ஆர்டரைப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க. மெஷினத் தூக்கிட்டுப் போயிடறேன். நீங்களும் வாங்க."

"நான் எங்கயும் வரல."

"தெரியும். அதான் மாமாகிட்டச் சொல்லிப் பாத்துக்கச் சொல்லலாம்னு இருக்கேன்."

என்னைப் பார்த்துக்கொள்ள மச்சான்! சாப்பிட்டது மேலே வந்துவிட்டது. இந்த வருஷம் புதுத் தார்ப்பாய் வாங்குகிறேன், இன்னும் நாலு கொக்கி சேர்த்து அடிக்கிறேன் என்றேன். அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அவள் கத்தினால் நான் சமாளிப்பேன். கத்தாமல் போனால் அவளும் அவள் அம்மாவும் ஒன்று. முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம்.

அவள் போய்விட்டால் இது வீடு இல்லை, கோடவுன். அதை அவளிடம் சொல்லவா முடியும்?

அந்த வாரமே ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். மகள்தான் வரவழைத்திருந்தாள். மாடி வேலை செய்கிற மேஸ்திரியாம். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். ஆண் சட்டை, தலையில் துண்டு, வாயில் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும் 'டொக்கு' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அவளே சொன்னாள். ஏன் என்று உடனே தெரிந்தது. மேஜை மேல் ஏறி நின்று சுத்தியல் காம்பால் கூரையை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனாள். நல்ல இடத்தில் கெட்டியாகக் கேட்டது. சில இடத்தில் காலி டப்பா மாதிரிக் கேட்டது.

"கேக்குதா பெரியவரே? இங்கல்லாம் காரை கையை விட்டுருச்சு. சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது."

"தட்டித் தட்டி நீயே பேத்துடாத. நல்லா இருந்ததையெல்லாம் பேத்துட்டு வேலை இருக்குன்னு சொல்றவங்கள நெறையப் பாத்திருக்கேன்."

"தட்டினதுக்கே விழுந்தா அது நல்லா இருந்த காரையா?" என்று சிரித்தாள். "எதுல இருந்தீங்க?"

"லாரி."

"அதான பாத்தேன். என் புருஷனும் லாரிதான். வீட்டுக்கு வந்தா செவுத்தக்கூட ஹாரன் அடிச்சு நகரச் சொல்வாரு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எனக்கு இந்த டொக்குவை அப்போதே பிடிக்கவில்லை.

மாடிக்குப் போனோம். மழைக்கு நாள் இருந்தாலும், போன வருஷத்துப் பாயின் மேலேயே புதுப் பாயைப் போர்த்தி வைத்திருந்தேன். டொக்கு ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஈரம், பாசி, மண்புழு. ஒரு தேரையும் குதித்து ஓடியது.

"வெயில் காயற காலத்துலயே அடியில இவ்வளவு ஈரமா? தளத்தை மூச்சே விட விடல போலிருக்கே."

அவள் பார்வை அடுத்துக் கொக்கிகள் மேல் போனது. வரிசையாக நின்ற கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள்.

"இது யார் அடிச்சது?"

"நான்தான்."

"கைப்பிடிச் சுவர்ல கட்டியிருக்கலாமே?"

"சுவர்ல கட்டினா காத்து சுவரையே இழுத்துட்டுப் போகும். இது அசையாது பாரு." நான் ஒன்றைக் காலால் உதைத்துக் காட்டினேன். அசையவில்லைதான்.

இந்தச் சத்தத்தைக் கேட்டு மச்சான் தன் பக்கத்துப் படியில் ஏறி வந்துவிட்டான். பனியனும் லுங்கியுமாகத் திட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"என்ன அத்தான், லோடு ஏத்துறீங்களா?"

"உன் பக்கத்துத் தண்ணி என் வீட்டுல எறங்குது. அதப் பாக்க ஆள் வந்திருக்கு."

"என் பக்கமா? நான் வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறேன். கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன்."

"பாசி மேலயே பெயிண்ட் அடிச்சா கண்ணாடி ஆயிடுமா?"

"உங்க பக்கத்துத் தண்ணிதான் என் சமையக்கட்டுச் செவுத்துல எறங்குது. அக்கா மூஞ்சிக்காகப் பேசாம இருக்கேன்."

"நீ எப்படா பேசாம இருந்த?"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. டொக்கு திட்டின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். சினிமா பார்க்கிற மாதிரிதான். கடைசியில் மகள் நடுவில் வந்தாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. தண்ணிக்குப் பேர் எழுதி விடலாம்."

"என்னது?"

"ரெண்டு பக்கமும் தண்ணி போற வாய அடச்சு மாடில தேக்குவோம். மாமா பக்கம் நீலம் கலக்கலாம். நம்ம பக்கம் செவப்பு. லைனிங் துணிக்குப் போடுற சாயம் ரெண்டு கலர்லயும் ஒவ்வொரு டப்பா கிடக்கு. கீழ எந்தக் கலர் சொட்டுதோ, அந்தப் பக்கத்துக்காரங்க ஒழுங்கா வழிக்கு வரணும். அதுக்கப்புறம் நான் போறதா இல்லையான்னு பாக்கறேன்."

கடலையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு டொக்கு கை தட்டினாள். "இந்தப் பொண்ண எங்கூட அனுப்பிடுங்க. தண்ணி நிறுத்திப் பாக்கறது நாங்க செய்றதுதான். கலர் போட்டதில்ல."

எனக்குச் சந்தோஷம். நீலம்தான் வரும் என்று எனக்குத் தெரியும். மச்சானும் அதே சந்தோஷத்தில்தான் நின்றான். சிவப்பு வரும் என்று அவனுக்கு எண்ணம்.

பாயை உருட்டி ஓரம் வைத்து, குப்பையைக் கூட்டி, தண்ணீர் போகிற ஓட்டைகளில் சாக்கு திணித்தோம். என் பக்கத்து ஓட்டையில் திணிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இலையும் மண்ணும் பழைய பாயின் கிழிசலும் சேர்ந்து அடைத்துக்கொண்டுதான் இருந்தது. டொக்கு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். ஓஸ் பைப்பில் தண்ணீர் விட்டு, பாதம் நனைகிற அளவு நிறுத்தினோம். சிவப்பை மகள் கலக்கினாள். நீலத்தை மச்சான் அவனே கலக்கிக்கொண்டான். எங்கள் கையை நம்பமாட்டானாம். அவன் கலக்கி முடிக்கும்வரை நானும் நின்று பார்த்தேன். கொஞ்சமாகப் போட்டு ஏமாற்றினால்?

பிறகு நாங்கள் இரண்டு பேரும் மேஜைக்கு ஆளுக்கொரு பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையைப் பார்த்தோம். மகள் மேஜை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்தாள். கழுத்து வலித்தது. மச்சான் கொண்டுவந்திருந்த டீயை எனக்கும் ஊற்றினான். வாங்கிக்கொண்டேன். டீக்கும் மாடிக்கும் சம்பந்தமில்லை.

"அத்தான், அக்கா இருந்தா ரெண்டு பேரையும் வெளக்குமாத்தால அடிச்சிருக்கும்."

"உன்னத்தான் மொதல்ல."

"ஆமா. தம்பிக்குத்தான் உரிமை."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

வெயில் சாய்வதற்குள் முதல் சொட்டு விழுந்தது. சிவப்பு.

இரண்டாவதும் சிவப்பு. டொக்கு மேஜையில் ஏறி, சொட்டுகிற இடத்தில் விரலை வைத்து, சுவரிலிருந்து சாணால் அளந்தாள். மேலே போய் அதே அளவு அளந்தாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் கை போய் நின்ற இடத்தில் என் கொக்கி நின்றது.

"சாயம் சரியில்ல," என்றேன். "எல்லாத்தையும் தின்னுட்டு எறங்குற சாயம்."

"சரி பெரியவரே, சாயம் சரியில்ல," என்றாள். அவள் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

கீழே வந்தால் மச்சான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். "லாரி கவுந்துருச்சா அத்தான்?" என்றான். அவன் தன் டீயைக் குடித்து முடிக்கவில்லை, நடுச்சுவர் ஓரமாக ஒரு கோடு இறங்கியது. கருநீலம். நான் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு வேறு எதுவும் அவ்வளவு இனித்ததில்லை.

"பம்பு ஹவுஸ் தண்ணி தொறந்துருச்சு போலிருக்கே மச்சான்!"

"அது திட்டுல எறங்குது. திட்டு உங்களுது."

"பாதி உன்னுது."

மகள் அந்தத் துணியை எடுத்து இரண்டு பேர் முன்னாலும் விரித்துப் பிடித்தாள். சிவப்பும் நீலமும் பக்கத்துப் பக்கத்தில் நனைந்திருந்தன. "போதுமா?" என்றாள். "இது ஸ்கூல் துணியா இருந்தா நான் என்ன பண்றது? நாளைக்கு ரூம்காரர் பதில் கேக்கறாரு. கொக்கிய எடுப்பீங்களா மாட்டீங்களாப்பா?"

நான் வாசலுக்குப் போய்விட்டேன். அந்தக் கொக்கி ஒவ்வொன்றையும் முட்டி போட்டு நான் அடித்தேன். அதை எடு என்று சொல்வதற்கு இவர்களுக்கெல்லாம் என்ன தெரியும்?

மறுநாள் காலையில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. எழுந்து வந்து பார்த்தால் அவள் மெஷினின் காலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூவையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

நான் பரணிலிருந்து டயர் கழற்றுகிற இரும்புப் பட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தண்ணீரை முதல் நாள் சாயங்காலமே டொக்கு திறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வேறு எவனாவது எடுத்தால் தளத்தையே பேர்த்துவிடுவான். முதல் கொக்கி அடியில் பட்டையைக் கொடுத்து நெம்பினேன். அசையாது என்று நான் சொன்ன கொக்கி, பல் விழுகிற மாதிரிக் கையோடு வந்துவிட்டது. மேலே பார்க்கத் தடியாகத்தான் இருந்தது. தளத்துக்குள் இருந்த பாகம் துருவில் கரைந்து ஊசி மாதிரி ஆகியிருந்தது. நுனியில் ஈரம். துளை வாயில் சிவப்பு. அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தக் காலத்து இரும்பு அப்படி. அந்தக் கடைக்காரன் நல்ல இரும்பு என்று சத்தியம் செய்தான்.

இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவதை நெம்பும்போது பட்டையின் மறு முனையில் இன்னொரு கை விழுந்தது. மச்சான். திட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தான்.

"இடுப்பு புடிச்சிக்கும் அத்தான். நகருங்க."

"உனக்கு நெம்பத் தெரியாது."

"அப்ப சேந்து நெம்புவோம்."

கடைசிக் கொக்கி வந்தபோது கீழே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மகள் படியருகில் நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். மச்சான் என்னைப் பார்த்தான். நான் கொக்கிகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன்.

பிறகு டொக்குவின் ஆட்சிதான். தளத்தை எலும்பு தெரியக் காயவிட்டாள். பாசியைச் சுரண்டினாள். மச்சானின் பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அதை ஒரு கை எடுத்து அவன் உள்ளங்கையிலேயே வைத்தேன். துளைகளைக் கழுவி அடைத்தாள். துருப்பிடித்த கம்பியைத் தேய்த்துப் பூச்சு கொடுத்து, கூரைக்குப் புதுக் காரை வைத்தாள். திட்டை உடைத்து, அடியிலிருந்த வெடிப்பில் ரப்பர் மாதிரி இழுபடுகிற ஏதோ ஒன்றை நிரப்பினாள். வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டு தளமும் விரிந்து சுருங்குமாம், சிமெண்ட் வைத்தால் மறுபடி வெடிக்குமாம். தளம் என்ன மூச்சு விடுகிற மாடா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே பூச்சு. நடுவில் கோடு இல்லை. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது, யார் வீட்டு மாடியில் நிற்கிறோம் என்று தெரியாமல்.

போகும்போது சொன்னாள்: "பூச்சு பாதிதான். மீதி தொடப்பத்துல இருக்கு. வாரத்துக்கு ஒரு தரம் கூட்டுங்க, வாய்ல அடச்சிருக்கிறத எடுங்க, ஒண்ணையும் அடுக்காதீங்க, துளை போடாதீங்க. சின்ன வெடிப்பு தெரிஞ்சா அன்னைக்கே கூப்பிடுங்க. இந்தத் தளம் உங்க ரெண்டு பேரையும் விட அதிக நாளு நிக்கும்."

"அதுக்கு என்ன கேரண்டி?"

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுற வரைக்கும் கேரண்டி," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

என்ன சொன்னாள் என்று பிறகுதான் புரிந்தது. கூட்டுகிற முறை என்று நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான். ஆனால் அவன் கூட்டுவதை நம்ப முடியுமா? தூசியை மூலைக்குத் தள்ளிவிட்டு வந்துவிடுவான். ஆகவே அவன் கூட்டின மறுநாள் நான் போய்க் கூட்டுவேன். நான் கூட்டின வாரத்தில் அவன் பின்னாலேயே வந்து ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவுவான். மாடி வாரத்துக்கு இரண்டு தடவை சுத்தமானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, யாராவது குடிவரப் போகிறார்களா என்று கேட்டார்கள்.

முதல் பெரிய மழை ஒரு மத்தியான நேரத்தில் வந்தது. அடித்து ஊற்றியது. தெருவில் செருப்பு மிதந்து போனது. நான் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மேஜையை அந்த இடத்துக்கு நேர் கீழேயே இழுத்துப் போட்டு வெள்ளைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிப் போடேன் என்றேன். அவள் தள்ளவில்லை. கத்தரி போகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். கடைத்தெரு ரூமுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று துணியைப் பார்த்தபடியே சொன்னாள். வரட்டும் என்றேன்.

குடை பிடித்துக்கொண்டு மச்சான் வாசலில் வந்து நின்றான்.

"சொட்டுதா அத்தான்?"

"இல்ல. உனக்கு?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். அவன் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கன்னத்தை வைத்துக்கூடப் பார்த்தேன். திரும்பி வந்து எங்கள் கூரையை மறுபடி பார்த்தேன். வெள்ளையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

"இப்பவாவது நம்பறீங்களாப்பா?" என்றாள் மகள்.

"ஒரு மழைய வெச்சு என்ன சொல்றது? மொத மழைக்கு எல்லாந்தான் நிக்கும். அந்த ரப்பரு இன்னும் வெயிலப் பாக்கல. இவன் ஒழுங்காக் கூட்டுறானான்னும் தெரியாது."

"இவரு கூட்டுறதத்தான் நான் நம்பல," என்றான் மச்சான்.

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த துணியை விரித்தாள். நான் குடையை எடுத்தேன். எங்கே என்றாள். அடுத்த தெருவில் ஒருவன் தன் மாடியில் துணி காயப்போடக் கொடிக்கம்பி கட்டத் துளை போடுகிறானாம், அவனுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அதற்காக அந்தக் கொக்கியால்தான் ஒழுகியது என்று நான் ஒத்துக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சாயம் சரியில்லாத சாயம்தான். மழையில் இறங்கி நடந்தேன்.